ஏழாவது பொத்தான்

கண் தெரியாதவர் ஓட்டுப் போடப் போனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். துணைக்கு வருகிறவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். உள்ளே நடந்ததை அவர் வெளியில் சொல்லக்கூடாது. ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒருவருக்குத்தான் துணை போகலாம்.

இந்தக் கடைசி விதி மஹாதேவன் மாமாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சுந்தரவல்லி மாமிக்குத் தெரியும். 2006 சட்டசபைத் தேர்தலன்று நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான்.

கொல்கத்தாவில், காளிகாட்டில் கோயிலுக்குப் போகிற தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் மாமாவும் மாமியும். மேல்தளத்தில் நான். மாமா கிடர்பூர் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கிரேன் கப்பலிலிருந்து இறக்குகிற மூட்டைகளை, பெட்டிகளை நின்று எண்ணிக் குறிப்பதுதான் அந்த வேலை. கண்ணில் அழுத்தம் ஏறி, ஐம்பதை எட்டுவதற்கு முன்பே இரண்டு கண்ணும் போயிற்று. மருத்துவக் காரணம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பி.காமை இரண்டாவது வருடத்தில் விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது, அதே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை. பேச ஆள் கிடையாது. எனக்குப் பொருத்தமான வேலை.

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு நிர்மல் கோஷால் வந்தார். நான் அப்போது மாமாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நிர்மல் பாபுவும் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். பெரிய சங்கங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, உடம்பு கெட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் வைத்திருந்தார். மாமாவுக்கு ஒழுங்காகப் பென்ஷன் வருகிறது என்றால் அதற்கு அவர் அலைந்த அலைச்சலும் ஒரு காரணம். 2001 தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சின்னம் மேஜை விசிறி. இந்தத் தடவையும் நிற்கிறார், அதே விசிறிதான். மெஷினில் ஏழாவது இடம்.

"போன தடவை உங்க பூத்ல எனக்கு என்ன விழுந்தது தெரியுமா மஹாதேவன் பாபு?" என்று வங்காளத்தில் கேட்டார். கேட்கும்போதே சிரித்தார். "முட்டை. நல்ல பெரிய முட்டை."

மாமா சிரிக்கவில்லை. "எங்க பூத்லயா?"

"உங்க பூத்லதான். பக்கத்து ரூம்ல மூணு. முன்னெல்லாம் காகிதச் சீட்டைக் கலந்து எண்ணுவாங்க, மானம் தப்பிச்சுது. இப்ப மெஷின் பூத் பூத்தா காட்டிக் கொடுத்துடுதே."

"சரியாப் பாத்தீங்களா?"

"மேஜைக்கு முன்னாடி நானே உக்காந்திருந்தேன். முட்டையைத் தப்பாப் பாக்க முடியுமா?"

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கியது. நிர்மல் பாபுவுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. இன்னும் நாலு விஷயம் பேசிவிட்டு, நோட்டீஸ் கட்டு ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அந்த வெயிலில் வந்த மனிதருக்கு மாமி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை.

2001இல் மாமாவுக்குத் துணையாக உள்ளே போனவர் மாமி. மாமா விசிறி என்று சொன்னார். மாமி சரி என்றார். மெஷின் கூவியது. இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து வருடம் அந்த ஓட்டு எங்கே இருந்தது என்று மாமா நினைத்திருந்தாரோ, அங்கே அது இல்லை.

அன்றைக்கு சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவது அபூர்வம்.

"ஜெய்ராம், இந்தத் தடவை நீ வா என்னோட."

"மாமி?"

"மாமி வேண்டாம்."

"கேட்டேளா அவாளை?"

"என்னத்தைக் கேக்கறது? முப்பது வருஷமா அவ பண்ணின சாப்பாட்டைச் சாப்பிடறேன். கண்ணுக்கு மருந்து அவதான் விட்டா. சட்டையில எந்தப் பொத்தான் எந்த ஓட்டையிலன்னு அவதான் போட்டு விடறா. எல்லாம் சரி. ஆனா மை என் விரல்ல, ஓட்டு அவளுதா இருந்திருக்கு. ரெண்டு ஓட்டுப் போட்டிருக்கா மகராசி."

"நான் மட்டும் ஒழுங்காப் போடுவேன்னு என்ன நிச்சயம்?"

"உனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. பொண்டாட்டி கிடையாது. டிகிரி கிடையாது. ஒண்ணுமே கிடையாது. நீ ஏன் பொய் சொல்லப்போறே?"

வருகிறேன் என்றேன்.

தேர்தலன்று காலையில் வேலை முடிந்து வந்தேன். பஸ் இல்லாததால் பாதி வழி நடை. சந்து முனையில் கட்சிக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வாசலில் மாமி காப்பியோடு நின்றிருந்தார். அவர் எனக்காகக் காப்பியோடு வாசலில் நின்றது அதுவே முதல் தடவை. அப்போதே யோசித்திருக்கவேண்டும். தூக்கக் கலக்கத்தில் காப்பியைத்தான் யோசித்தேன்.

"ஜெய்ராம், ஒரு ஒத்தாசை பண்ணணுமே. காமு மாமிக்குக் கை நடுக்கம் ஜாஸ்தியாயிடுத்து. பொத்தானை அமுக்கப் போய் பக்கத்துல அமுக்கிடுவேனோன்னு பயந்துண்டு உக்காந்திருக்கா. கூட்டம் வரதுக்கு முன்னாடி அழைச்சுண்டு போய்ட்டு வந்துடேன்."

"மாமாவையும் அழைச்சுண்டு போகணுமே."

"அவர் இன்னும் குளிக்கவே இல்லை. நீ போய்ட்டு வரதுக்குள்ள ரெடி பண்ணிடறேன்."

இவ்வளவு சுமுகமாக அவர் மாமாவை ரெடி பண்ணுகிறேன் என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் ஏதோ பேசி முடித்துக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன்.

காமு மாமி எதிர்வீடு. தனியாக இருப்பவர். மகள் பெங்களூரில். அவரைக் கையைப் பிடித்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் துப்பாக்கியோடு மத்தியப் படை ஜவான் ஒருவர். உடம்பு முடியாதவர் என்பதால் வரிசையில் நிற்காமல் விட்டார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, வெளியூர் ஆசிரியர் மாதிரி இருந்த ஒருவர். முந்தின ராத்திரி பெஞ்சில் படுத்த சுருக்கம் சட்டையில் இருந்தது. காமு மாமியின் கையைப் பார்த்தார். ஒரு தாளை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கம்.

காமு மாமி யாருக்குப் போட்டார் என்று சொல்லமாட்டேன். அதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

திரும்பி வந்தபோது மாமா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். மாமியும் புடவை மாற்றியிருந்தார். "எனக்கும் ஓட்டு இருக்கே. நானும் கூட வரேன்" என்றார். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் போனோம்.

என் ஓட்டையும் நான் இன்னும் போட்டிருக்கவில்லை. மாமாவை முடித்துவிட்டு நானும் போட்டுவிட்டு வந்து படுக்கலாம் என்பது திட்டம். மாமி பெண்கள் வரிசையில் போய் முதலில் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வராந்தாவிலேயே நின்றுகொண்டார். வீட்டுக்குப் போகவில்லை.

மாமாவை அழைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தேன். தலைமை அலுவலர் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில ஒரு அம்மாவோட வந்தது நீதானே?"

"ஆமாம்."

"அப்ப நீ போக முடியாது. ஒருத்தர் ஒருத்தருக்குத்தான். கையெழுத்துப் போட்டியே, அதுல எழுதியிருக்கே."

"அது வேற ஆளு சார். இவரு வேற."

"அதனாலதான் சொல்றேன். இல்லன்னா ஒரே பையன் தெருவையே கூட்டிட்டு வந்து எல்லாருக்கும் அவனே போட்டுடுவான். அப்படி நடந்ததாலதான் விதியே வந்தது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரே விஷயத்தை வருடம் முழுக்க வகுப்பில் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார். "வேற யாரையாவது கூப்பிடுங்க. வீட்ல யாரும் இல்லையா?"

மாமா என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"காலையில யாரோட வந்தே?"

"காமு மாமியோட."

"யார் போகச் சொன்னா?"

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரே வராந்தாப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் கை வைத்து, கதவு நிலையைத் தடவி, வெளியே வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"சுந்தரா."

"இங்கதான் இருக்கேன்."

"உனக்குத் தெரியுமா இந்த ரூலு?"

"தெரியும். போன எலெக்ஷன்ல உங்களை அழைச்சுண்டு வந்துட்டு, காமுவையும் அழைச்சுண்டு வரேன்னேன். கூடாதுன்னு சொல்லிட்டா. அப்பவே தெரியும்."

"அதான் ஜெய்ராமை காமுவோட அனுப்பிச்சே."

"அனுப்பிச்சேன்."

மறைக்கவேண்டும் என்ற எண்ணமே மாமிக்கு இல்லை. வரிசையில் நின்ற வங்காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை யாருக்கும் புரியும்.

"எனக்குப் பதிலா நீ யாருக்குப் போட்டே போன தடவை?"

"அதைச் சொல்லமாட்டேன். அந்த ஆளுக்குப் போடலை. அவ்வளவுதான்."

"ஏன்?"

"ஏன்னு தெரியாதா உங்களுக்கு? டாக்டர் தேதி குடுத்தார். ஆபரேஷனுக்கு. இந்த நிர்மல் பாபு தர்ணான்னான். ஒரு வாரம்னான். நாலு வாரம் துறைமுக கேட்டுக்கு வெளியில வெயில்ல உக்காத்தி வெச்சான். நீங்களும் கொடியைப் புடிச்சுண்டு உக்காந்தேள். தேதி போச்சு. இடது கண்ணு போச்சு. அப்புறம் வலதும் போச்சு. அவன் பேருக்கு நேரா என் விரலை வெச்சு அமுக்கணுமா நான்? வெட்டிப் போட்டுடுவேன் விரலை."

"ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் போயிருக்கும்னு டாக்டரே சொன்னார்."

"போயிருக்கலாம்னார். போயிருக்கும்னு சொல்லலை."

"பென்ஷன் யாரால வந்தது?"

"கண்ணு யாரால போச்சு?"

இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் பல தடவை நடந்திருக்கவேண்டும். இருவருக்கும் அடுத்தவரின் வரி முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் புதிது. இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது என் தலைக்கு மேல் அல்ல, கீழ்த்தளத்தில், என் காலுக்குக் கீழே.

வரிசையிலிருந்து லால்ட்டு எட்டிப் பார்த்தான். சந்து கிளப்பில் கேரம் ஆடுகிறவன், கட்சி மேஜையில் உட்காருகிறவனும் அவனே. மாமா அவனுக்குக் காகு, சித்தப்பா. "காகு, நான் வரட்டா? எதுன்னு காதுல சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை."

"உனக்குச் சொல்ல வேற வேணுமா?" என்று மாமா வங்காளத்தில் கேட்டார். "சொல்லலைன்னாலும் நீ உங்க ஆளுக்குத்தானே போடுவே."

வரிசை சிரித்தது. லால்ட்டுவும் சிரித்தான். "அப்ப காகு, இதுல எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையே."

வாசலில் நின்ற ஜவான் இரண்டு அடி எடுத்து வைத்து வந்தார். கறுத்த, உயரமான ஆள். மாமியைப் பார்த்து, சுத்தமான மதுரைத் தமிழில், "ஏம்மா, ஓட்டுப் போட வந்தீங்களா, பட்டிமன்றம் நடத்த வந்தீங்களா?" என்றார்.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் ஒரு துப்பாக்கிக்காரருக்குப் புரிந்திருக்கிறது. மாமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா கண்ணு தெரியாதவரு. சட்டுனு முடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்கே திரும்பிப் போனார்.

மாமாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஓட்டைப் போடாமல் வீட்டுக்குப் போகலாம். அல்லது மாமியை அழைத்துப் போய், விசிறி என்று சொல்லி, மெஷின் கூவுவதைக் கேட்டுக்கொண்டு வரலாம், போன தடவை மாதிரி. மாமி காத்திருந்தது இதற்காகத்தான். சுவரோடு அவரை ஒட்டி நிறுத்தியாயிற்று.

"என்னை எது வரைக்கும் நம்பறேள்?" என்று மாமி கேட்டார். குரல் தணிந்திருந்தது.

மாமா யோசித்தார். "முதல் பொத்தான் வரைக்கும்."

"அப்படின்னா?"

"நீ வா. மெஷின் முன்னாடி கொண்டுபோய் நிறுத்து. என் விரலைப் புடிச்சு மேல இருக்கிற முதல் பொத்தான்ல வை. வெச்சுட்டுக் கையை எடுத்துடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும் எனக்கு. வாழ்நாள் பூரா எண்ணினவன்."

மாமி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நானும் என் சீட்டோடு ஆண்கள் வரிசையில், அவர்களுக்கு அடுத்த ஆளாக, உள்ளே விடப்பட்டேன். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேடிக்கையை முதல் வரிசையில் பார்த்தவன் என்ற மரியாதை போல.

மாமி தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் படித்துப் பார்த்துப் போட்டார். தலைமை அலுவலர் கேட்டார், "இப்ப தமிழ்ல என்ன பேசிட்டு வந்தீங்க? யாருக்குன்னு இங்க வாய் விட்டுச் சொல்லக்கூடாது."

"யாருக்குன்னு சொல்லலை சார்" என்றார் மாமா. "எப்படின்னு சொன்னேன்."

"மெஷின்ல எத்தனை பொத்தான் சார் தொறந்திருக்கு?" என்று அவரே கேட்டார்.

"ஒன்பது. ஒன்பது வேட்பாளர். கீழ இருக்கிற மிச்சத்தை மூடியிருக்கு."

"போதும்."

விரலில் மை வைத்தார்கள். மூலையில் ஜன்னலுக்கு அருகே அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் இருவரும் போனார்கள். கட்டுப்பாட்டு மெஷினில் அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தினார். என் பேரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தடுப்புக்கு மேலே இரண்டு தலைகளின் உச்சி மட்டும் தெரிந்தது.

"இதான் முதல்" என்று மாமியின் குரல்.

"கையை எடு."

"எடுத்தாச்சு."

மாமா எண்ணத் தொடங்கினார். துறைமுகத்தில் வங்காளமும் ஹிந்தியும் பேசியே காலம் தள்ளியவர் அவர். ஆனால் எண்ணியது தமிழில்தான். அவர் எண்ணி நான் கேட்டது அதற்கு முன் கிடையாது. முணுமுணுப்பாகத்தான் எண்ணினார். ஃபேன் ஓடாத அறையில் அது நன்றாகக் கேட்டது.

"ஒண்ணு." இடைவெளி. "ரெண்டு." இடைவெளி. "மூணு."

கட்சி ஏஜென்ட்டுகள் நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். இந்த அறையில் ரகசிய வாக்கெடுப்பு வாய்விட்டு நடந்துகொண்டிருப்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"ஆறு. ஏழு."

மெஷின் கூவவில்லை. மாமா விரலை அழுத்தவில்லை. ஏதோ ஒன்று அவருக்கே உறுத்தியிருக்கவேண்டும். அல்லது அழுத்துவதற்கு முன் ஒரு தடவை மூச்சு விட்டாரோ என்னவோ.

மாமி பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"ஏழுல இல்லை விரல்" என்றார் மாமி. "எட்டுல இருக்கு."

"ஏழு எண்ணினேனே."

"டாலி எண்ணிட்டேள். முதல் பொத்தானை விட்டு இறங்கும்போதுதானே ஒண்ணுன்னு சொன்னேள்."

கிரேன் கொக்கியில் தொங்கும் மூட்டையைக் கிளார்க் எண்ணமாட்டார். நழுவி மறுபடியும் கப்பலுக்குள்ளேயோ ஆற்றிலேயோ விழலாம். தரையைத் தொட்டு, கொக்கி கழன்று மேலே போன பிறகுதான் அது ஒன்று. கணக்கில் சண்டை வராமல் இருக்க எல்லா டாலி கிளார்க்கும் அப்படித்தான் எண்ணுவார்கள். மாமாவும் ஒரு பொத்தானை விட்டு விரல் நகர்ந்த பிறகே அதை ஒன்று என்று எண்ணியிருக்கிறார். ஏழாவதை விட்டு நகர்ந்து ஏழு என்றபோது விரல் எட்டாவதில். எட்டாவது வேட்பாளர் யாரென்று தொகுதியில் யாருக்கும் தெரியாது. அந்த ஆளுக்குப் பெண்டாட்டி இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"மேல ஒண்ணு வாங்கோ" என்றார் மாமி.

மாமா மேலே வரவில்லை. தடுப்புக்கு மேலே தெரிந்த அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"என்ன நடக்குது அங்க? சீக்கிரம் ஆகட்டும்" என்று தலைமை அலுவலர் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"பாத்துண்டிருக்கார்" என்று மாமி வங்காளத்தில் பதில் சொன்னார். அந்த வார்த்தை அந்த மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு மாமாவின் குரல், தமிழில், யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டது போல: "கீழ ஒண்ணுதான் மிச்சம்."

ஒன்பதில் கீழே ஒன்று மிச்சம் என்றால் விரல் எட்டில். மாமி சொன்னது சரி.

மெஷின் நீளமாகக் கூவியது.

இருவரும் வெளியே வந்தார்கள். மாமி அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமல் நேராக வாசலுக்குப் போனார்கள். அடுத்தது நான். உள்ளே போய் என் ஓட்டைப் போட்டேன். யாருக்கு என்று இங்கே தேவையில்லை. அழுத்தியபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது.

வெளியே வந்தபோது அவர்கள் பள்ளிக்கூடச் சுவருக்குப் பக்கத்து நிழலில் நின்றிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம். முழங்கையை மாமி விட்டிருந்தார்.

"ஜெய்ராம், கேட்டுக்கோ" என்றார் மாமி. "மேல ஒண்ணுன்னு நான் சொல்றேன். இவர் கீழ எத்தனை இருக்குன்னு தடவித் தடவிப் பாக்கறார்."

"பாத்தேன்" என்றார் மாமா.

"நான் பொய் சொல்றேன்னு."

"போன தடவை சொன்னியே."

"போன தடவை சரின்னேன், அவ்வளவுதான். எதை அமுக்கினேன்னு நீங்க கேக்கலை. நான் சொல்லலை. இந்தத் தடவை நீங்க கேக்காமலே சொன்னேன். அப்பவும் நம்பலை."

"நம்பலை" என்றார் மாமா. அவர் அதை மெருகு போட்டுச் சொல்ல முயலவில்லை.

மாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான். அன்றைக்கு எல்லாருக்கும் வியர்த்தது.

"நீயே அழைச்சுண்டு வா" என்று என்னிடம் சொன்னார். "எனக்கு உலை வைக்கணும்."

அவர் வேகமாக நடக்கக்கூடியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமாவோடு நடந்து நடந்து மெதுவாகிப்போனவர் என்று அதற்கு முன் யோசித்ததில்லை. கட்சி மேஜைகளைத் தாண்டி, யார் கூப்பிட்டும் திரும்பாமல், சந்துக்குள் திரும்பிவிட்டார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

மாமா என் தோளில் கை வைத்தார். நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ ஏன் சொன்னா, தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது."

"எனக்கும் தெரியலை. பேசாம இருந்திருந்தா அவ நெனச்சது நடந்திருக்கும்."

நல்ல மனசு, முப்பது வருட வாழ்க்கை என்று சொல்லக்கூடிய பதில்கள் சில இருந்தன. எனக்கு அதில் எதிலும் நம்பிக்கை இல்லை. கணக்குத் தப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத ஒரு குணம் சிலருக்கு உண்டு. கிளார்க்கின் பெண்டாட்டிக்கும் அது வந்திருக்கலாம். அல்லது எட்டாவது ஆள்மேல் அவருக்கு இன்னும் பெரிய கோபம் ஏதாவது இருந்திருக்கலாம். நான் இதை மாமாவிடம் சொல்லவில்லை.

"அடுத்த தடவை மாமி சொன்னா நம்புவேளா?" என்று கேட்டேன்.

"நம்புவேன். எண்ணிப் பாத்துட்டு."

எங்கள் சந்து முனையில் மெட்ரோ வேலைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ வெட்டி, மூடாமல் விட்டிருந்த ஒரு குழி. அன்று காலை வரைக்கும் மாமி கையைப் பிடித்து அதைச் சுற்றி அழைத்துப் போவார், மாமாவுக்குக் குழி இருப்பதே தெரியாது.

"மாமா, பள்ளம். இடது பக்கமா வாங்கோ" என்றேன்.

அவர் நின்றார். செருப்பு நுனியால் முன்னால் தரையைத் தடவினார். விளிம்பு தட்டுப்பட்டது. அதைக் கால் விரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு இடது பக்கமாக வந்தார்.